கேட்க இயலாதவரின் அமானிதம்

பிறர் பொருளைக் காத்து வைப்பது வியாபாரிகளாகிய நமக்குப் புதிய வேலையன்று. கிட்டங்கியில் ஒருவர் சரக்கை இறக்கி வைத்துச் செல்கிறார். ஊருக்குப் புறப்படும் ஒருவர் பூட்டிய பெட்டியொன்றை நம் கடையில் விட்டுச் செல்கிறார். இவ்வாறு ஒப்படைக்கப்படுவதை நம் மக்கள் அமானிதம் என்ற சொல்லால் குறிப்பிடுவர். அமானிதம் வைப்பவர் வாய் மூடிக்கொண்டு வைப்பதில்லை. கூரை ஒழுகுமா, எலி உண்டா, சாவி யாரிடம் இருக்கும் என்றெல்லாம் கேட்டறிந்த பிறகே வைப்பார். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அடுத்த தெருவிலுள்ள கிட்டங்கிக்குப் போய்விடுவார். அந்தக் கேள்வியும், போய்விடுவாரே என்ற அச்சமும் சேர்ந்தே வியாபாரியை ஒழுங்கில் நிறுத்துகின்றன என்பது கடைத்தெருவில் யாவரும் அறிந்த உண்மை.

ஆனால், அமானிதத்தின் சொந்தக்காரர் ஏழு வயதுக் குழந்தையாக இருந்தால் என்ன செய்வது? கேள்வி கேட்க அதற்குத் தெரியாது. வேறிடம் போக அதனால் முடியாது. கொடுக்க மாட்டேன் என்று மறுக்கவும் வழியில்லை. அப்படிப்பட்ட அமானிதத்தைக் காப்பவனை யார் கேள்வி கேட்பது? பள்ளிக்கூடங்களின் கணினிப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் வேண்டுமா என்று இன்று பல நாடுகளிலும் நடைபெறும் விவாதத்தின் அடியில் கிடப்பது இக்கேள்வியே என்று நாம் கருதுகிறோம். இது கணினி படித்தவர்களுக்கு மட்டும் உரிய விஷயமென ஒதுங்கி நிற்பது சரியன்று. அடிப்படையில் இது நாணயத்தைப் பற்றிய விஷயம். அதில் நமக்கும் சொல்ல ஏதேனும் இருக்கத்தான் செய்யும்.

பள்ளிக்கூடத்தின் பெட்டியில் இருப்பவை

ஒரு பள்ளிக்கூடம் பிள்ளையைப் பற்றி என்னென்ன வைத்திருக்கிறது என்று சற்று எண்ணிப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, பிறப்புச் சான்றிதழ் எண், வீட்டு முகவரி, தாய் தந்தையரின் தொலைபேசி எண்கள் ஆகியவை முதல் ஏட்டிலேயே உள்ளன. கட்டண உதவி கேட்டிருந்தால் குடும்ப வருமானம் தெரியும். பிள்ளைக்கு வலிப்பு நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் அதுவும் தெரியும். பெற்றோர் பிரிந்து வாழ்வது, பிள்ளை மனம் சோர்ந்து ஆலோசகரிடம் அழுதது, ஒழுங்கு தவறித் தண்டனை பெற்றது ஆகிய அனைத்தும் எங்கேனும் ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். முன்னாளில் இவை தலைமையாசிரியர் அறையின் இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடந்தன. இன்றோ கணினியில் ஏறி, கடல் கடந்த நிறுவனங்களின் இயந்திரங்களிலும் தங்கியிருக்கின்றன.

கல்லாப்பெட்டி களவு போனால் நஷ்டம்தான். ஆயினும் அடுத்த பண்டிகை வியாபாரத்தில் ஓரளவேனும் ஈடு செய்துகொள்ளலாம். ஒரு பிள்ளையின் மனநோய்க் குறிப்பு களவு போனால் அதை எந்த வியாபாரத்தில் ஈடு செய்வது? அமெரிக்காவில் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டமான லாஸ் ஏஞ்சல்ஸில் 2022 செப்டம்பர் மாதம் விடுமுறை நாட்களில் கணினித் திருடர் புகுந்தனர். கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கும் வெளியிடாமல் இருப்பதற்கும் பணம் கேட்பது இத்திருடரின் வழக்கம். மாவட்டத்தார் பணம் கொடுக்க மறுத்தனர். அக்டோபர் முதல் வாரத்திலேயே திருடர்கள் கோப்புகளை வெளியிட்டுவிட்டனர். அவற்றுள் சுமார் 2,000 மாணவர்களின் மனநல மதிப்பீட்டு ஏடுகளும் இருந்தன என்பதை 2023 பிப்ரவரியில் மாவட்டத்தார் ஒப்புக்கொண்டனர். அவர்களில் பெரும்பாலோர் படிப்பை முடித்துச் சென்றுவிட்ட பழைய மாணவர்கள். பள்ளியை விட்டுப் போனவரின் ஏடு ஏன் இன்னும் அங்கே கிடந்தது என்ற கேள்வியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

வெகு தூரத்துச் செய்தி என்று எண்ண வேண்டாம். நம் சிங்கப்பூரில் மாணவர்களின் கைக்கணினிகளைக் கட்டுப்படுத்துவதற்காக மொபைல் கார்டியன் என்னும் வெளிநாட்டு நிறுவனத்தின் செயலி பயன்பட்டு வந்தது. 2024 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் நிர்வாகத் தளத்துக்குள் யாரோ புகுந்ததால், 127 பள்ளிக்கூடங்களைச் சேர்ந்த பெற்றோர், ஊழியர் ஆகியோரின் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் வெளியாயின. அதே ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி மீண்டும் அந்நிறுவனம் தாக்கப்பட்டது. இம்முறை 26 உயர்நிலைப் பள்ளிகளின் சுமார் 13,000 மாணவர்களுடைய கருவிகள் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. பிள்ளைகள் எழுதி வைத்திருந்த பாடக் குறிப்புகள் பலவும் அதோடு போயின. கல்வி அமைச்சு அச்செயலியை எல்லாக் கருவிகளிலிருந்தும் அகற்றிவிட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த நிறுவனத்தை எந்தப் பிள்ளையும் தேர்ந்தெடுக்கவில்லை. எந்தத் தகப்பனும் அதனுடன் ஒப்பந்தம் செய்யவில்லை. நாம் பள்ளிக்கூடத்திடம் ஒப்படைத்தோம்; அமானிதமோ கைமாறி வேறெங்கோ போயிருந்தது.

சட்டம் எதற்கு?

'சட்டம் போட்டால் திருடன் திருந்திவிடுவானா?' என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். நாணயம் உள்ளத்தில் இருக்க வேண்டும், அதைக் காகிதத்தில் எழுதி வரவழைக்க முடியாது என்பாரும் உளர். இவர்களுக்கு நாம் நம் தராசையே பதிலாகக் காட்டுவோம். தராசுக்கு அரசாங்க முத்திரை வேண்டுமென்ற சட்டம் இருப்பதால் எல்லா வியாபாரியும் நாணயஸ்தனாகி விடவில்லை. ஆயினும், சந்தைக்கு வரும் கிழவி தராசின் நுணுக்கம் அறியாதவளாயினும், அவளுக்காக வேறொருவர் முன்கூட்டியே அதைச் சோதித்து வைத்திருக்கிறார். முத்திரை திருடனுக்காகக் குத்தப்படுவதன்று. கேட்கத் தெரியாத அந்தக் கிழவிக்காகக் குத்தப்படுவது.

கிழவிக்காவது அடுத்த கடை உண்டு. பிள்ளைக்கு அதுவும் இல்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 2003ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி சட்டப்படி கட்டாயமாயிற்று. அது மிக நல்ல சட்டம். அதனால் பயன்பெற்ற குடும்பங்கள் நம்மிலும் அநேகம். ஆனால், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகிறது. பள்ளிக்கூடமோ சேரும் பிள்ளையின் விவரங்களைக் கேட்கிறது. ஆகவே கொடுத்தே தீர வேண்டிய நிலை உண்டாகிறது. வா என்று கட்டளையிட்ட சட்டமே, வந்தவர் கொடுத்ததைக் காத்துக் கொடு என்றும் கட்டளையிட வேண்டுமன்றோ? விரும்பி வைக்கும் அமானிதத்தைவிட, வேறு வழியின்றி வைக்கும் அமானிதத்துக்குக் காவல் இரு மடங்கு தேவை. சட்டத்தின் அவசியத்துக்கு நாம் காணும் முதற் காரணம் இதுவே.

அறிவுரையும் கட்டளையும்

இனி, எத்தகைய சட்டம் என்பதைப் பார்ப்போம். அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களின் இணையப் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் 2021 அக்டோபர் 8ஆம் தேதி அதிபர் பைடன் அவர்களின் கையொப்பம் பெற்றது. பள்ளிக்கூடங்களுக்குள்ள ஆபத்துகளை ஆராய வேண்டும், பரிந்துரைகள் வகுக்க வேண்டும், பயிற்சிக் குறிப்புகள் தயாரிக்க வேண்டும் என்று அந்நாட்டு இணையப் பாதுகாப்பு முகவைக்கு அது ஆணையிட்டது. 2023 ஜனவரியில் அறிக்கையும் வந்தது. கடவுச்சொல்லோடு இன்னொரு சோதனையும் வைத்தல், பழுதுகளை உடனுக்குடன் அடைத்தல், கோப்புகளுக்கு மறுபிரதி எடுத்து வேறிடத்தில் காத்தல் போன்ற நல்ல யோசனைகள் அதில் உள்ளன. ஆனால் பள்ளிக்கூடங்கள் அவற்றை ஏற்பதும் விடுவதும் அவரவர் விருப்பம் என்றே சட்டம் விட்டுவிட்டது.

அறிவுரை கேட்டு நடக்கும் அளவுக்கு எல்லாரும் வசதியுள்ளவர்களாக இருந்தால் குறையில்லை. அந்நாட்டிலே சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. அவற்றுள் பல சிற்றூர்களில், கணினியைக் கவனிப்பதற்கென்று ஒரே ஓர் ஆள்தான் உண்டு. சில இடங்களில் அந்த ஓர் ஆளும் கிடையாது. அத்தகையவரிடம் தடித்த அறிக்கையைக் கொடுத்தால் அது ஏட்டுச் சுரைக்காய்தான். 2024இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் பள்ளிக்கூடங்களுக்கும் நூல்நிலையங்களுக்கும் இதன் பொருட்டு மூன்றாண்டுகளுக்கு 20 கோடி டாலர் ஒதுக்கியது. விண்ணப்பித்தவர்கள் கேட்ட மொத்தத் தொகையோ 370 கோடி டாலர்! பள்ளிக்கூடங்களுக்கு அக்கறை இல்லை என்று இனி யாரும் சொல்ல இயலாது. கையில் இல்லாததுதான் குறை.

ஆகவே ஒரு நியாயம் விளங்குகிறது. கட்டளை மட்டும் இட்டுக் காசு கொடுக்காத சட்டம், ஏழைப் பள்ளிக்கூடத்தைக் குற்றவாளியாக்கும். காசு மட்டும் கொடுத்துக் கட்டளை இடாத சட்டம், அக்கறையற்றவரை அப்படியே விட்டுவிடும். கடைப்பையனிடம் பூட்டு வாங்கிக் கொடுக்காமல், கதவை ஏன் பூட்டவில்லை என்று அதட்டும் முதலாளியை யார் மதிப்பர்? பூட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, பூட்டினானா என்று பார்க்காத முதலாளியையும் யார் மதிப்பர்?

நியூயார்க் மாநிலம் சற்றே முன்னே சென்றிருக்கிறது. 2014இல் அங்கு இயற்றப்பட்ட சட்டப்படி, மாணவர் விவரங்களை விற்கவோ வியாபார நோக்கத்துக்குப் பயன்படுத்தவோ கூடாது. பெற்றோரின் உரிமைகளை ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் எழுதி வெளியிட வேண்டும். 2020இல் வந்த விதிகள், நாட்டளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பாதுகாப்பு முறையைக் கட்டாயமாக்கி, பொறுப்பாளர் ஒருவரை நியமிக்கவும் செய்தன. மென்பொருள் விற்கும் நிறுவனமும் இச்சட்டத்துக்குள் அடக்கம். நமக்கு இதில் மிகவும் பிடித்தது இதுவே. இலாபம் பெறுபவன் பொறுப்பையும் சுமக்க வேண்டும் என்பது கடைத்தெருவின் பழைய நியாயம். பழுதான சரக்கை விற்றுவிட்டு, வாங்கியவன் சரியாகப் பார்க்கவில்லை என்று கைகழுவுவதை நாம் வியாபாரம் என்று சொல்வதில்லை.

மீட்புப் பணம் கொடுக்கலாமா?

இவ்விஷயத்தில் மிகக் கடினமான கேள்வி ஒன்றுண்டு. திருடன் பிள்ளைகளின் கோப்புகளை வைத்துக்கொண்டு பணம் கேட்கிறான். கொடுத்தால் அவன் தொழில் வளர்கிறது; கொடுக்காவிட்டால் அறியாத பிள்ளையின் அந்தரங்கம் சந்தைக்கு வருகிறது. எது சரி?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் 2021இல் பொது அமைப்புகள் எதுவும் இத்தகைய பணம் கொடுக்கக் கூடாதென்று சட்டம் இயற்றியது. பள்ளி மாவட்டங்களும் அதில் அடங்கும். பின்னர் நடந்ததைக் கேளுங்கள். அம்மாநிலப் பள்ளிக்கூடங்களும் வேறு பல நாட்டுப் பள்ளிக்கூடங்களும் மாணவர் பதிவேட்டுக்காகப் பவர்ஸ்கூல் என்னும் நிறுவனத்தின் மென்பொருளைப் பயன்படுத்தி வந்தன. 2024 டிசம்பரில், களவாடிய ஒரு நுழைவுச் சொல்லைக் கொண்டு ஒருவன் அந்நிறுவனத்தின் உதவித் தளத்துக்குள் புகுந்தான். 6 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் விவரங்களை வெளியிடுவதாக மிரட்டல் வந்தது என்று அமெரிக்க நீதித்துறை பின்னர் கூறியது. நிறுவனம் பணம் கொடுத்தது. விவரங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்ற உறுதிமொழியையும் பெற்றது. ஆனால் 2025 மே மாதத்தில், வட கரோலினாவின் பள்ளி மாவட்டங்கள் பலவற்றுக்கும் கனடாவின் டொராண்டோ பள்ளி வாரியத்துக்கும் அதே விவரங்களைக் காட்டி மீண்டும் மிரட்டல் வந்தது. புகுந்தவன் 19 வயதுக் கல்லூரி மாணவன். 2025 அக்டோபரில் அவனுக்கு 4 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது இரண்டு. திருடனின் உறுதிமொழியை விலைக்கு வாங்குவது, பற்றுச்சீட்டு இல்லாத கடன் கொடுப்பதைப் போன்றது, வசூலிக்க வழியில்லை. மற்றொன்று, பள்ளிக்கூடத்தின் கையைக் கட்டிய சட்டம், பள்ளிக்கூடத்துக்குச் சேவை விற்றவரின் கையைக் கட்டவில்லை. முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்து வைத்த கதையாயிற்று. பணம் கொடுக்கலாகாது என்பதே நம் அபிப்பிராயம். ஆயினும் அதைச் சொல்லும் உரிமை, கோப்பு களவு போகாதிருக்க முன்னரே செலவு செய்தவருக்கே உண்டு. காவலுக்கு ஒரு காசும் செலவிடாமல், களவு போன பின் கொள்கை பேசினால், அக்கொள்கையின் விலையைப் பிள்ளைகள் அல்லவோ கொடுக்க நேர்கிறது!

நம் நாடுகளில்

சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம், நீர், மின்சாரம், வங்கி, மருத்துவம், போக்குவரத்து, அரசாங்கம் முதலான 11 துறைகளின் முக்கியக் கணினிக் கட்டமைப்பைக் காக்கிறது. மலேசியாவில் 2024 ஆகஸ்ட் 26இல் நடப்புக்கு வந்த சட்டமும் 11 துறைகளைக் குறிக்கிறது. கல்வி என்பது தனித் துறையாக இவ்விரு பட்டியலிலும் இல்லை. தனிநபர் விவரங்களைக் காக்கும் சட்டங்கள், அதாவது சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் மலேசியாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டமும், கடைக்காரராகிய நம்மைக் கட்டுப்படுத்துகின்றன; அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. சிங்கப்பூரில் அரசாங்க அமைப்புகளுக்கு 2018ஆம் ஆண்டின் வேறொரு சட்டமும் உள்விதிகளும் உள்ளன. விவரங்களைத் தவறாகப் பயன்படுத்தும் ஊழியருக்குச் சிறைத் தண்டனையும் அதில் உண்டு. ஆகவே பாதுகாப்பே இல்லை என்று நாம் கூறவில்லை.

நாம் கூறுவது இவ்வளவே. வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணைக் காக்கும் விஷயத்தில், ஒரு சிறு கடைக்காரர் எந்தச் சட்டத்துக்கு, எந்த ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது வெளிப்படையாகத் தெரிகிறது. பிள்ளையின் மருத்துவக் குறிப்பைக் காக்கும் விஷயத்திலும் அதே தெளிவு பெற்றோருக்கு வேண்டும். என்ன வைத்திருக்கிறீர்கள், யாரிடம் கொடுத்திருக்கிறீர்கள், எப்போது அழிப்பீர்கள், களவு போனால் எத்தனை நாளில் சொல்வீர்கள் என்ற நான்கு கேள்விகளுக்கும் பள்ளிக்கூடம் கேளாமலேயே பதில் தரும்படி ஒரு சட்டம் இருக்குமானால், அது போதிய தொடக்கம் என்று நமக்குத் தோன்றுகிறது. கேட்க இயலாதவருக்காகக் கேட்டு வைப்பதே சட்டத்தின் வேலை.

நம் கையில் உள்ளது

சட்டம் வரட்டும் என்று நாம் சும்மா இருந்துவிடலாமா? நம்மவர்கள் பகுதிநேர வகுப்புகள் நடத்துகிறார்கள், டியூஷன் நடத்துகிறார்கள், ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவிநிதி வழங்குகிறார்கள். அவ்விண்ணப்பத் தாள்களில் இல்லாதது எது? தகப்பனாரின் சம்பளம், தாயாரின் நோய், வீட்டு வாடகைப் பாக்கி எல்லாம் இருக்கின்றன. உதவி கொடுத்து முடிந்த பிறகு அத்தாள்கள் எங்கே இருக்கின்றன? அவற்றைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியவர் யார் யார்? காரியதரிசி மாறும்போது பழைய காரியதரிசியின் கைப்பேசியிலிருந்து அவை நீங்கினவா?

சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் முதல், சட்டப்படி தேவையிருந்தாலொழிய, அல்லது ஆளை மிகத் துல்லியமாக உறுதி செய்ய வேண்டியிருந்தாலொழிய, அடையாள அட்டை எண்ணையோ பிறப்புச் சான்றிதழ் எண்ணையோ தனியார் அமைப்புகள் கேட்டு வாங்கலாகாது. பயன் முடிந்த விவரத்தை வைத்திருக்கலாகாது என்பதும் சட்டமே. இவ்விதிகள் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியவையென எண்ணுவோர் நம்மிடையே பலர். லாஸ் ஏஞ்சல்ஸில் பழைய மாணவர்களின் ஏடுகள் பறிபோனதற்குத் திருடன் ஒரு காரணம். அவை காலம் கடந்தும் கிடந்தது மற்றொரு காரணம். இல்லாத பொருளைத் திருட எவனாலும் முடியாது. தேவையற்றதை வாங்காதிருப்பதும், தேவை தீர்ந்ததை அழித்துவிடுவதும் காசு செலவில்லாத காவல். இதற்கு நிபுணர் வேண்டாம். இரண்டு மணி நேரமும் ஒரு நல்ல மனமும் போதும்.

எனவே, உதவிநிதி நடத்தும் ஒவ்வோர் அமைப்பும் இவ்வாண்டுக் கணக்கு முடிக்கும்போது, பண இருப்பைச் சரி பார்ப்பது போலவே விவர இருப்பையும் சரி பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதினால் போதும். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டங்களுக்குச் செல்லும் பெற்றோர், மதிப்பெண்ணைப் பற்றி விசாரித்த பின், இதைப் பற்றியும் மரியாதையாக ஒரு வார்த்தை விசாரிக்கட்டும். கிட்டங்கிக்காரரிடம் கூசாமல் கேட்கிற கேள்வியைப் பள்ளிக்கூடத்தில் கேட்பதற்கு மட்டும் ஏன் கூச வேண்டும்? சரக்கு நம்முடையது, அங்கே இருப்பதோ நம் பிள்ளையினுடையது.